ஏர் பிடித்த கை ஏடு பிடிக்கட்டும்!

"பழைய மொழியைப் படித்து என்ன பயன்?"

இந்தக் கேள்வி இன்று தஞ்சைத் தரணியெங்கும் கேட்கிறது. தேநீர்க் கடையிலே கேட்கிறது. நெல் கொள்முதல் நிலையத்து வரிசையிலே கேட்கிறது. நம்முடைய கிளைக் கழகப் படிப்பகத்துத் திண்ணையிலேகூடக் கேட்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலே தேறிய பிள்ளை, "தமிழ் இலக்கியம் எடுக்கிறேன், கல்வெட்டுப் படிக்கிறேன்" என்று வாய் திறந்தால் போதும். "வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று வீடே திரண்டு கேட்கிறது.

கேட்பவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையிலே கடன் வாங்கி, தாளடி அறுப்பிலே அதை அடைத்து, மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று சூன் 12-ஆம் நாளை எதிர்நோக்கி வாழ்கிற பாட்டாளித் தோழர்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற கவலை, அவர்களைக் கேட்க வைக்கிறது. அந்தக் கவலையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வயிறு காய்கிறவனிடம் போய் வண்டமிழின் பெருமை பேசுவது நம் வழக்கமல்ல.

ஆனால் தோழர்களே, நாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம். பயனற்ற படிப்பு என்றால், அதை நாம் படித்துவிடக் கூடாதென்று அத்தனை நூற்றாண்டுக் காலம் அத்தனை பேர் ஏன் காவல் காத்தார்கள்? காலிப் பெட்டிக்கு எவனாவது பூட்டுப் போடுவானா?

பூட்டு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமா? பம்பாயிலே, எல்பின்ஸ்டன் பள்ளியிலே, ஒரு மாணவன் சமற்கிருதம் படிக்க விரும்பினான். அவன் பிறந்த சாதியைக் காட்டி மறுத்தார்கள். பாரசீகம் படித்துத் தேறினான். அந்த மாணவன்தான் பிற்காலத்திலே இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த அண்ணல் அம்பேத்கர். கதவை அடைத்தவர்கள் வென்றார்களா? இல்லை. பின்னாளிலே அவரே முயன்று அந்த மொழியைக் கற்றார். 'சூத்திரர்கள் யார்?' என்று 1946-இல் ஒரு நூல் எழுதினார். எந்த ஏடுகளைக் காட்டி நம்மைத் தாழ்ந்தவர் என்றார்களோ, அந்த ஏடுகளையே புரட்டி எதிர்க் கேள்வி கேட்டார். பழைய மொழியைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்கள், அந்த ஒரு நூலை நினைத்துப் பார்க்கட்டும்!

பூட்டு இந்த நாட்டிலே மட்டும் இருந்ததா? அதுவும் இல்லை. சீமையிலே சாதி இல்லை என்பார்கள்; ஆனால் வர்க்கம் இருந்தது. அங்கே பூட்டின் பெயர் கிரேக்கம், இலத்தீன். ஆக்சுபோர்டுப் பல்கலைக் கழகத்திலே நுழைய வேண்டுமானால் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1920 வரையிலே இருந்தது. இலத்தீன் கட்டாயம் 1960 வரையிலே நீடித்தது. கணக்கு, விஞ்ஞானம், எதைப் படிக்கப் போகிறவனானாலும் வாசலிலே அந்தத் தீர்வையைக் கட்டித்தான் தீர வேண்டும். அதைச் சொல்லித் தரும் பள்ளிகளோ பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். தாமஸ் ஆர்டி என்ற ஆங்கில எழுத்தாளர் 1895-இல் எழுதிய 'ஜூட்' கதையிலே ஒரு கல்தச்சன் வருகிறான். பகலிலே கல் செதுக்குவான். இரவிலே தானாகவே கிரேக்கமும் இலத்தீனும் படிப்பான். பல்கலைக் கழகத்திலே இடம் கேட்டுக் கடிதம் எழுதுகிறான். வந்த பதிலின் சாரம் என்ன தெரியுமா? உன் தொழிலோடு இருந்துகொள், அதுவே உனக்கு நல்லது என்பதுதான்!

தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் பழக்கமான குரல் அல்லவா? 1953-இலே, அரை நாள் படி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்று ஆச்சாரியார் கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது, நாம் கேட்டது இதே குரலைத்தான். சீமைக் கல்தச்சனுக்கும் தஞ்சைப் பண்ணையாளுக்கும் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றே: "உனக்கு எதற்கு ஏடு?"

இனி நம் ஊருக்கு வருவோம்.

காவிரி பாய்கிறது, நெல் விளைகிறது. அந்த நெல் யாருக்குப் படியளந்தது? இதைச் சொல்லப் பகுத்தறிவுப் பிரசாரகர் எவரும் தேவையில்லை, கல்வெட்டே சொல்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்திலே, விழுப்புரத்துப் பக்கம் எண்ணாயிரம் என்னும் ஊரிலே ஒரு கல்லூரி இருந்தது. 340 மாணவர்கள், அவர்களிலே 270 பேர் இளையோர், 70 பேர் மூத்தோர். செலவுக்கு 45 வேலி நிலம். இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்று அளவு குறித்து எழுதி வைத்திருக்கிறார்கள். உணவோடு கூடிய உயர்கல்வி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே! மகிழ்ச்சிதான். ஆனால் கற்பித்தது எதை? வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். தமிழ் மன்னன், தமிழ் நிலம், தமிழ் உழவன் விளைவித்த நெல். தொல்காப்பியம் சொல்லித் தர ஓர் ஆசிரியர் மட்டும் அந்தப் பட்டியலிலே இல்லை!

இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். தமிழிலேதான் வெட்டியிருக்கிறார்கள், அதற்காகத் தலை வணங்குகிறோம். திருப்பதியம் பாட 48 பேரும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவருமாக 50 பேருக்கு, நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வைத்தார். ஆடல் மகளிர் 400 பேரைக் கொண்டுவந்து குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வைத்தார். பாடத் தமிழ் இருந்தது. ஆடத் தமிழ் இருந்தது. கணக்கு எழுதத் தமிழ் இருந்தது. கல்லூரியிலே வைத்துப் படிக்க மட்டும் தமிழுக்குக் கலம் நெல் இல்லை!

நாம் இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும்: "சோழர் பெருமையைக் குலைக்கிறார்கள்!" என்பார்கள். பெருமையைக் குலைக்கவில்லை, ஐயா. பெருமையோடு சேர்த்துக் கணக்கையும் படிக்கிறோம். அதே பெரிய கோயில் கல்வெட்டிலே, வரி நீக்கிய நிலங்களின் பட்டியலிலே, ஊர் நத்தத்தோடும் குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்துப் 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் எழுதியிருக்கிறதே, அதைப் படிக்க வேண்டியவர் யார்? கோபுரத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்த வரியைக் காட்ட மாட்டார்கள். அந்தச் சேரியிலே பிறந்த பிள்ளை கல்வெட்டு எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்து, தன் விரலாலே தொட்டுப் படிக்க வேண்டும். அன்றைக்குத்தான் தஞ்சை வரலாறு முழு வரலாறாகும்!

மன்னர் காலம் போயிற்று. சத்திரம் காலம் வந்தது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டி நிலங்களை எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் பெயரால் 1802-இல் சரபோசி மன்னர் அமைத்த சத்திரம் அவற்றிலே ஒன்று. பிற்பாடு அந்த அறநிலையங்கள் ஜில்லா போர்டின் பொறுப்புக்கு வந்தன. அந்த வருமானத்திலே திருவையாற்றிலே ஒரு கல்லூரி நடந்தது. அது வடமொழிக் கல்லூரி. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன. அங்கே இலவசச் சோறு பார்ப்பன வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்.

சத்திரத்து நிலத்தை உழுதவன் யார்? நாற்றுப் பறித்து நட்டவள் யார்? களத்துமேட்டிலே தூற்றி, கலம் கலமாக அளந்து கொட்டியவர் யார்? நெல் நம்முடையது, சோறு அவர்களுடையது! நிலம் நம் வியர்வையில் நனைந்தது. படிப்பு அவர்கள் பந்தியிலே பரிமாறப்பட்டது!

அந்த அநீதியை அசைத்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். நீதிக் கட்சியின் தூண். ஜில்லா போர்டின் தலைவராக அவர் அமர்ந்தபோது, அவர் தோளோடு தோள் நின்றவர் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், வழக்குரைஞர் தமிழவேள் உமாமகேசுவரனார். இருவரும் மேடையிலே முழங்கியதோடு நின்றுவிடவில்லை. அறக்கட்டளை கல்விக்கு என்றால், தமிழும் கல்விதானே என்ற நேரான வாதத்தை நிருவாகத்திலே செயலாக்கினார்கள். 1924-இல் திருவையாற்றுக் கல்லூரியிலே தமிழ் வித்துவான் வகுப்பு வந்தது. கல்லூரி 'அரசர் கல்லூரி' ஆயிற்று. விடுதிகளின் கதவு மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்தது. வடமொழி வகுப்பை அவர்கள் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்; பக்கத்திலே தமிழுக்கு ஓர் இருக்கை போட்டார்கள், அவ்வளவுதான். அதற்கே அன்று எத்தனை முணுமுணுப்பு! 1940 மார்ச்சு முதல் நாள், இலண்டனுக்குப் பறந்த விமானம் ஓமன் வளைகுடாவிலே காணாமற் போக, பன்னீர்செல்வத்தை இழந்தோம். ஆனால் அவர் திறந்த கதவு வழியே வந்த புலவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலெல்லாம் பரவினார்கள்.

இன்னொரு தஞ்சைக்காரரையும் நினைவூட்டுவோம். காவிரிக் கரையிலே நடுக்காவேரி என்று ஓர் ஊர். அங்கே 1884-இல் வேளாண் குடியிலே பிறந்தவர் ந. மு. வேங்கடசாமி நாட்டார். பல்கலைக் கழகத்திலே படித்தவர் அல்லர். ஏர் பூட்டும் வீட்டிலே இருந்தபடி நூல்களைத் தாமே கற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் மூன்று தேர்வுகளையும் 1905, 1906, 1907 என மூன்றே ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தேறி முதன்மை பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே பேராசிரியரானார். பின்னர்க் கரந்தைப் புலவர் கல்லூரியின் முதல்வராக மதிப்பியல் முறையிலே தொண்டு செய்தார். சிலப்பதிகாரத்துக்கும் மணிமேகலைக்கும் அவர் எழுதிய உரையை இன்றைக்கும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். ஏர் பிடித்த குடிக்கு ஏடு பிடிக்க வராது என்பவர் நடுக்காவேரிக்கு வந்து பார்க்கட்டும்!

"என்ன பயன்?" என்ற கேள்வி கும்பகோணத்திலும் ஒருமுறை எழுந்தது. 1880-ஆம் ஆண்டு. அரசு கல்லூரியிலே தமிழாசிரியராக உ. வே. சாமிநாதையர் சேர்ந்த ஆண்டு. அவர் இளைஞர், அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் ஏராளமாகக் கற்றவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்றவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பயன், இவற்றுக்கும் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் சுவடியையும் தேடிக் கொடுத்தார். விளைவு: 1887-இல் சிந்தாமணி அச்சேறியது, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலம்பு, 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அதே காலத்திலே தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் உழைத்தார். கறையான் தின்றது போக எஞ்சியதைத்தான் அவர்கள் நமக்கு மீட்டுக் கொடுத்தார்கள்.

ஒன்று எண்ணிப் பாருங்கள். அந்தப் புறநானூறு அச்சேறவில்லை என்றால், நம் மேடை ஏது? "தமிழன் யார்?" என்று கேட்டவனுக்கு நாம் எதைக் காட்டியிருப்போம்? சாதியும் சடங்கும் நுழையாத காலம் ஒன்றிருந்தது, மனிதரை ஊர் கேட்டு உறவு கேட்டு ஒதுக்காத சிந்தனை ஒன்றிருந்தது என்று நம் இயக்கம் எதை ஆதாரமாக்கிப் பேசியது? பழைய ஏட்டை ஆதாரமாக்கித்தான்! அந்த ஏட்டைப் பல்கலைக் கழகத்துக்கு வெளியே, சந்தைத் திடலுக்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் கொண்டு வந்தது நம் இயக்கம். திருக்குவளையிலே பிறந்து, திருவாரூரிலே பள்ளியிறுதித் தேர்வைத் தாண்டாத ஒருவர்தான், பின்னாளிலே 'தொல்காப்பியப் பூங்கா' எழுதினார். கலைஞர் எந்தக் கல்லூரியிலும் இலக்கணம் பயிலவில்லை. ஆனால் அவர் போன்றவர்க்கு நூல் கிடைத்ததே, அதற்கு எவனோ ஒருவன் எங்கோ ஒரு கல்லூரியிலே சுவடி படித்திருந்தான் என்பதுதான் காரணம்.

பழமை பேசும் பல்கலைக் கழகங்கள் தமிழை எப்படி நடத்தின? நூறாண்டுக்கு முன்பு சென்னைப் பல்கலைக் கழகத்தின் கண்ணிலே செம்மொழி என்றால் சமற்கிருதம், அரபு, பாரசீகம், கிரேக்கம், இலத்தீன். தமிழ் வெறும் வட்டார மொழி! 1902-ஐ ஒட்டி, தமிழைப் பாடத் திட்டத்திலிருந்தே நீக்கலாம் என்ற முயற்சி நடந்தது. அதை எதிர்த்து நின்றவர்களிலே ஒருவர், கிறித்துவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சூரியநாராயண சாத்திரி. தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக் கொண்டவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிறுவியவர். 1903-இலே, முப்பத்து மூன்று வயதிலே மறைந்தவர். பிறப்பாலே அவர் பார்ப்பனர். உ.வே.சா.வும் அப்படியே. நாம் பிறப்பைப் பார்த்து நன்றி சொல்கிறவர்கள் அல்லர்; பூட்டியவனை எதிர்ப்போம், திறந்தவனைப் போற்றுவோம். யாராயிருந்தாலும்!

பரிதிமாற் கலைஞர் மூட்டிய நெருப்பைத் தஞ்சை அணையவிடவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1919-லும் 1920-லும் தமிழைச் செம்மொழியாக ஏற்கக் கோரித் தீர்மானம் போட்டது. தமிழுக்கென்று ஒரு பல்கலைக் கழகம் வேண்டுமென்று கனவு கண்டது. உமாமகேசுவரனார் 1941-இல் வங்கத்துக்குப் போய், தாகூரின் சாந்திநிகேதனம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியிலே, அயோத்திப் பக்கத்திலே உயிர் நீத்தார். தமிழுக்குப் பல்கலைக் கழகம் அமைக்கும் ஆசையோடு போனவர் வீடு திரும்பவில்லை. இதைத் தஞ்சை இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

அந்தக் கனவு நாற்பதாண்டு கழித்து நனவாயிற்று. 1981 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளிலே, தஞ்சையிலே தமிழ்ப் பல்கலைக் கழகம் பிறந்தது. ஆயிரம் ஏக்கர் நிலம். மொழிநூல் வல்லுநர் வ. அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தர். ஓலைச் சுவடிக்கு ஒரு துறை, கல்வெட்டுக்கு ஒரு துறை, கடல்சார் வரலாற்றுக்கு ஒரு துறை, சிற்பத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் அகராதிக்கும் நாட்டுப்புறவியலுக்கும் தனித் தனித் துறைகள். தொடங்கியது மாற்றுக் கட்சி ஆட்சி, அதனால் என்ன? நல்ல செயலை நல்ல செயல் என்றே சொல்வோம். தமிழைச் செம்மொழி என்று இந்திய அரசு 2004 அக்டோபர் 12-இல் அறிவித்தது; அதற்குத் தில்லியிலே அழுத்தம் கொடுத்து வென்றவர் கலைஞர். அதையும் நல்ல செயல் என்று மாற்றார் சொல்லட்டும்.

அறிவிப்பு வந்தது, படி வந்ததா? அங்கேதான் எண்ணாயிரத்துக் கல்வெட்டு மறுபடியும் நம் முன்னே நிற்கிறது!

2014-15 முதல் 2024-25 வரையிலான காலத்திலே ஒன்றிய அரசு சமற்கிருத வளர்ச்சிக்குச் செலவிட்டது 2,532.59 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துச் செலவிட்டது 147.56 கோடி. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வாங்கி, 2025-இல் நாளேடு வெளியிட்ட கணக்கு இது, நாம் கற்பித்ததல்ல. ஐந்து பேர் பந்திக்கு ஒரு மரக்கால் அளந்தால், அந்த ஒருவர் இலைக்குப் பதினேழு மரக்கால்! 2020-இலே சட்டம் இயற்றி மூன்று மத்திய சமற்கிருதப் பல்கலைக் கழகங்கள் அமைத்தார்கள். தமிழுக்கு ஒரு மத்தியப் பல்கலைக் கழகம் எங்கே? சென்னையிலே செம்மொழித் தமிழாய்வு நிறுவனம் இருக்கிறது. 2022-இலே பெரும்பாக்கத்திலே அதற்குப் புதுக் கட்டடமும் திறந்தார்கள். நிறுவனம் இருக்கிறது, ஆனால் பல்கலைக் கழகம் வேறு, நிறுவனம் வேறு. 2024-இலே மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்கம் ஆகியவற்றையும் சேர்த்துச் செம்மொழி பதினொன்று என்றார்கள். சேர்க்கட்டும், வரவேற்கிறோம். பந்தியிலே பதினோரு இலை போட்டுவிட்டு, ஓர் இலையிலே மட்டும் சோறு போடுவதை எப்படி வரவேற்பது?

"அப்படியானால் வடமொழி படிக்கவே கூடாது என்கிறீர்களா?" என்று ஒரு குரல் எழும். இல்லவே இல்லை. நன்றாகப் படிக்கட்டும், நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்கிறோம். கட்டாயத்தை எதிர்க்கிறோம், ஓரவஞ்சனையை எதிர்க்கிறோம், மொழியை அல்ல.

படிக்க வேண்டிய தேவைக்கும் நம் மாவட்டமே சான்று. நாகப்பட்டினத்திலே கடாரத்து மன்னன் புத்த விகாரம் கட்டினான். இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு விட்டான். அந்த ஆணை 21 செப்பேடுகளிலே இருக்கிறது. அவற்றிலே 5 ஏடு வடமொழி, 16 ஏடு தமிழ். டச்சுக்காரர் கையிலே சிக்கிக் கடல் கடந்து, லெய்டன் நகரத்துப் பல்கலைக் கழகத்துக்குப் போயிற்று; 'லெய்டன் செப்பேடு' என்று அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதை முழுதாகப் படிக்க வேண்டுமானால் தமிழும் வேண்டும், கிரந்தமும் வேண்டும், வடமொழியும் வேண்டும். மணிமேகலையின் தருக்கத்தை ஆராயப் பாலியும் பிராகிருதமும் வேண்டும். தஞ்சைச் சரசுவதி மகாலிலே 39,000-க்கு மேற்பட்ட வடமொழிச் சுவடிகள். தமிழ்ச் சுவடிகள் சுமார் 3,500. அந்த வடமொழிச் சுவடிகளுக்கு 1880-இல் அட்டவணை எழுதி அச்சிட்டவர் யார்? தஞ்சையிலே நீதிபதியாக இருந்த பர்னல் என்ற ஆங்கிலேயர்! பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்தவர் யார்? ஊல்ட்சு என்ற செருமானியர்! 1706-இல் தரங்கம்பாடியிலே இறங்கிய சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலே எழுதி, 1716-இல் செருமனியின் ஆலே நகரிலே அச்சேற்றினார். கடல் கடந்து வந்தவன் நம் ஏட்டைப் படித்தான்; ஏட்டுக்குப் பக்கத்து வயலிலே நாற்று நட்டவனின் பிள்ளை மட்டும் படிக்கவில்லை. படிக்க விடவில்லை!

இனிப் பிழைப்புக் கேள்விக்கு வருவோம். தட்டிக் கழிக்க மாட்டோம். பொறியியல் படித்தவனுக்குக் கிடைக்கும் சம்பளம் கல்வெட்டுப் படித்தவனுக்குக் கிடைப்பதில்லை, உண்மை. எல்லாப் பிள்ளையும் சுவடி படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவுமில்லை. பொறியாளர் ஆகட்டும், மருத்துவர் ஆகட்டும், கணினி வல்லுநர் ஆகட்டும்; அதற்காகவும்தானே போராடினோம். நாம் கேட்பது: விருப்பமும் கூர்மையும் உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர், தொல்லியல் அலுவலர், அருங்காட்சியகக் காப்பாளர், பதிப்பாசிரியர் என்று வழிகள் உண்டு. 2021 திசம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாயிற்று. தமிழ் கற்பிப்பவரின் தேவை அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

வழி உண்டு, அகலம் போதவில்லை. அகலப்படுத்துவது அரசின் கடமை. கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் நாம் கேட்பது இவையே:

ஒன்று: தமிழ்ப் பல்கலைக் கழகத்துக்கு ஆண்டுதோறும் தட்டாமல் நிதி வேண்டும். தமிழின் பெயரால் எழுந்த பல்கலைக் கழகத்திலே ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆட்கள் தவித்த செய்தியை நாளேடுகளில் படித்துத் தலை குனிந்தோம். காலியான ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் துறைப் பெயர்ப் பலகையை மட்டும் வைத்திருப்பது, நாற்று இல்லாத நாற்றங்காலுக்கு வேலி போடுவது போல!

இரண்டு: சுவடியும் கல்வெட்டும் கற்க வரும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் உதவித் தொகையும் வேண்டும். சோழன் 340 பேருக்கு நெல் அளந்தானே. மக்களாட்சி அதைவிடக் குறைவாக அளக்கலாமா?

மூன்று: தமிழோடு கிரந்தம், வட்டெழுத்து, தமிழி, பாலி, பிராகிருதம், வடமொழி ஆகியவற்றை எந்தச் சாதிப் பிள்ளையும் தயங்காமல் கற்க வகுப்பு வேண்டும். தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் மைசூரிலே அடைபட்டுக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இலே மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. கொண்டுவந்தால் போதுமா? படிக்க ஆள் வேண்டாமா?

நான்கு: தில்லி, பதினொரு செம்மொழிக்கும் ஒரே மரக்காலால் அளக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூட்டத் தொடர் தோறும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்டது போதும். நம்மிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஒன்றியக் கழகமும், ஆண்டுக்கு ஒரு பிள்ளையை, ஆணோ பெண்ணோ, இந்தப் படிப்புக்கு அனுப்பிப் புத்தகச் செலவை ஏற்கட்டும். சுவரொட்டிச் செலவிலே நூற்றிலே ஒரு பங்கு இருந்தால் போதும். படிப்பகத்திலே நாளேட்டோடு ஒரு சிலப்பதிகாரமும், ஒரு கல்வெட்டு எழுத்து அட்டவணையும் இருக்கட்டும். விடுமுறை நாளிலே இளைஞர்கள் தம் ஊர்க் கோயில் மதிற்சுவரைக் கும்பிடவோ, இடிக்கவோ அல்ல, படிக்கப் போகட்டும்! அந்தச் சுவரிலே தங்கள் ஊரின் பழம் பெயர் இருக்கும். வாய்க்காலின் பெயர் இருக்கும். மா, காணி, குழி, வேலி என்று தங்கள் தாத்தா சொன்ன அளவு இருக்கும். யார் நிலம் யார் கைக்குப் போயிற்று என்ற கணக்கும் இருக்கும்.

நிலத்தை உழுதோம், பத்திரம் வேறொருவன் பெயரில் இருந்தது. அதை மாற்றக் குத்தகைச் சட்டம், உச்சவரம்புச் சட்டம் என்று போராடினோம். வரலாற்றையும் நாம்தான் உழைத்து உண்டாக்கினோம். அதன் பத்திரமும் வேறொருவன் பெட்டியிலேதான் இருந்தது. அந்தப் பெட்டி இன்று பல்கலைக் கழகத்திலே, நம் ஊர்ப் பக்கத்திலேயே, திறந்து கிடக்கிறது. திறந்த பெட்டிக்கு முன்னாலே நின்றுகொண்டு, படித்து என்ன பயன் என்று கேட்போமா, தோழர்களே? பன்னீர்செல்வம் திறந்த கதவு வழியே நம் பிள்ளைகளை உள்ளே அனுப்புவோம்.

ஏர் பிடித்த கை ஏடு பிடிக்கட்டும்!